கல்லில் ஊற்றிய வேது

மஞ்சள் கருகும்போது முதலில் லேசாக ஓர் இனிப்பு வரும். பிறகு கசப்பு. அதற்கும் பிறகு உப்பு காய்கிற மணம். உப்புக்கு மணமில்லை என்பவர்கள் அதைக் கொதிக்கும் கல்லின்மேல் ஊற்றிப் பார்க்காதவர்கள். போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு சந்து வழியாக நடந்துகொண்டிருந்தேன். ஏதோ ஒரு வீட்டில் ஆவி பிடிக்க அடுப்பில் வேது வைத்துவிட்டு மறந்திருந்தார்கள். சட்டி வற்றி, அடிப்பிடித்து, அந்த மூன்று வாசனையும் வரிசை மாறாமல் தெருவுக்கு வந்தன. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். நின்ற இடத்திலிருந்தே கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் சரிவில் ஒரு மர அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மர அறை இருந்த வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். எனக்கு அது நீண்ட வாசம். காலில் சக்கரம் என்பார்கள். எனக்குச் சக்கரம் கழுத்தில். எங்கே உட்கார்ந்தாலும் தலை தானாக சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். எழுத வந்திருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். எழுதியதைவிட மேகம் பார்த்தது அதிகம். அங்கே மேகம் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டாம், குனிந்தால் போதும். காலையில் பள்ளத்தில் படுத்துக்கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் எழுந்து, படியேறி, கேட்காமல் வீட்டுக்குள் வரும். தலையணையில் வரும், தீப்பெட்டியில் வரும், எழுதிவைத்த தாளில் வந்து எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுப் போகும்.

முன்பக்கம் மூன்று அறைகள் விருந்தாளிகளுக்கு. பின்பக்கம் ஓர் அறை எனக்கு, வாடகைக்கு. அதற்கு அடுத்து, அடுக்களையை ஒட்டிய சின்ன அறை, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு. இதெல்லாம் தாண்டி, தைலமரங்களுக்கு அடியில், தனியாக நின்றது அந்த மர அறை. முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் பல வருஷம் ஏதோ குளிர்தேசத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவராம். அங்கே பழகின பழக்கத்தை விட முடியாமல் பலகை பலகையாக வரவழைத்துக் கட்டியிருக்கிறார். உள்ளே இரண்டு படியாகப் பலகை. மூலையில் ஒரு இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் மூன்று சூட்டுக் கம்பிகள். கம்பிகளைச் சுற்றி, கம்பிகள் தெரியாமல், கருங்கற்கள். கல் காய்ந்ததும் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினால் சுர்ரென்று ஆவி எழுந்து காதுமடலைக் கடிக்கும். விருந்தாளிகள் அதை சானா என்றார்கள். பார்த்துக்கொள்ளும் அம்மா சூட்டு ரூம் என்றார். நானும் சூட்டு ரூம் என்றே பழகிவிட்டேன்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெற்றவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். இவர் பிறந்தது இங்கேதான், ஆனாலும் தேத்தண்ணி என்பார், தன் அறையை லயம் என்பார். மதுரையில் இருக்கும் வீட்டுக்காரரைத் தொரை என்பார். நேரே பேசும்போது சார். போனை வைத்ததும் தொரை. என்னை டீச்சர் என்றார். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. சொல்லிப்பார்த்தேன். ஆனால் கொடைக்கானலில் கண்ணாடி போட்டு, ஸ்வெட்டர் போட்டு, கூடவே ஆள் யாரும் இல்லாமல் நடக்கிற பெண் டீச்சர்தான். வேறு வழியில்லை.

சூட்டு ரூம் சாவி அவர் இடுப்பில் இருக்கும். விருந்தாளிகளுக்கு மட்டும்தான் திறக்க வேண்டும் என்பது சட்டம். அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் மழைக்காலத்தில் நனைந்த கம்பளிகளை உள்ளே காயப்போட்டு, அது தெரிந்து, ஒரே நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதை எனக்கு அவரே சொல்லியிருக்கிறார். வேலை போனால் லயமும் போகும். கணவர் போய் ஆறு வருஷம். மகள் திருப்பூரில், ஓர் அறையில் நாலு பேரில் ஒருத்தியாக. “எனக்குப் போக எடம் இல்லைங்கறது அந்தத் தொரைக்கும் தெரியும், அதான் நம்பி விட்டுருக்காரு” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். பாதிதான் சிரிப்பு.

ஐப்பசியில் எனக்கு இருமல் பிடித்தது. சும்மா இருமல் இல்லை, விலாவைப் பிடித்து உலுக்குகிற இருமல். மருந்து வாங்கி வந்தேன். மருந்து பாட்டுக்கு மருந்து, இருமல் பாட்டுக்கு இருமல். மூன்று நாள் தூக்கமில்லை. நாலாம் நாள் பிற்பகல் அவர் என் வாசலில் ஒரு சட்டியோடு நின்றார். நொச்சி, தைலமரத் தழை, மஞ்சள், ஒரு கை கல்லுப்பு. நொச்சி இங்கே முளைக்காது. வத்தலக்குண்டிலிருந்து காய்கறி கொண்டுவரும் வண்டிக்காரரிடம் சொல்லி வாங்கி வைத்திருந்தார். போர்வையைத் தேடினேன். அதெல்லாம் வேண்டாம், அங்கே வாங்க என்று முன்னால் நடந்தார். சூட்டு ரூம் ஏற்கெனவே காய்ந்திருந்தது.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கதவில் ஒட்டியிருந்த விதிகளில் கொட்டை எழுத்தில் தண்ணீர் மட்டும் என்று இருந்ததையும் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது, எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் இதுவும் தண்ணீர்தானே என்று தோன்றியது. நம் ஊரில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆவி என்றால் வேது. வேது என்றால் அதில் ஏதாவது போட்டிருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் யார் ஆவி பிடிப்பார்கள்?

ஊற்றியது நான். அகப்பை அகப்பையாக, சட்டி காலியாகிறவரை. சுர்ரென்று எழுந்து வந்தது நொச்சி. மூக்குக்குள், நெற்றிக்குள், விலாவுக்குள். அடைத்திருந்த ஏதோ ஒன்று கதவு திறந்துகொண்டு போனது. அவர் கீழ்ப்பலகையில், கதவோரம், தலைத்துண்டைக்கூட எடுக்காமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். மேலே வந்து உட்காருங்கள் என்றேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, இங்கேயே நல்லாத்தான் இருக்கு என்றார். கொஞ்ச நேரத்தில் துண்டை எடுத்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடினார். அன்று சாயங்காலமே படுத்துத் தூங்கினேன். நாலு நாள் அப்படி நடந்தது, தினம் ஒரு சட்டி. அஞ்சாம் நாள் இருமல் இல்லை. நான் சுகமானதும் இரண்டு பேரும் அதை மறந்துவிட்டோம்.

பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் அந்த அம்மாவுக்குப் போன் செய்தார். வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து இரண்டு குடும்பம் வருகிறார்கள், சூட்டு ரூமுக்காகவே வருகிறார்கள், ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை. அந்த அம்மா போய்ச் சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டியைத் திருகினார். டக் என்று ஒரு சத்தம். வீடு முழுக்க மின்சாரம் போனது. ட்ரிப்பர் விழுந்திருந்தது, எங்காவது மின்சாரம் கசிந்தால் ஆளைக் கொல்வதற்கு முன்னால் தானே விழுகிற அந்தச் சின்ன சுவிட்ச். தூக்கிவிட்டால் நின்றது. சூட்டு ரூமைப் போட்டால் விழுந்தது. போட, விழ, போட, விழ. ஐந்தாவது தடவை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உடனே பார்வையை எடுத்துக்கொண்டோம்.

நாயுடுபுரத்திலிருந்து எலக்ட்ரீஷியன் மறுநாள் வெள்ளனே வந்தார். நாற்பது வயது, கோயில் மைக்செட்டிலிருந்து பெரிய ஓட்டல் வரைக்கும் அவர்தான். மஃப்ளரை அவிழ்க்காமலே கேட்டார்.

“என்னக்கா, சூட்டு ரூம் தொட்டாச்சிணுங்கி ஆயிருச்சாமே?”

அக்கா சிரிக்கவில்லை. தேத்தண்ணி வைக்கிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

எலக்ட்ரீஷியன் முதலில் செய்தது, மெயின் பெட்டியைத் திறந்து சூட்டு ரூமுக்குப் போகும் பீஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. அவை அவர் நெஞ்சோரம் இருக்கிறவரை அந்த அறைக்கு உயிர் வராது. வேறு யாராவது தெரியாமல் வந்து போட்டுவிடவும் முடியாது. வேலை முடிகிறவரை குனியும்போதெல்லாம் ஒரு கை அந்தப் பையைப் பொத்திக்கொண்டது. அந்தக் கையை எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன், உதவுகிற பாவனையில். உண்மையில் வேண்டிக்கொண்டிருந்தேன். வேறு ஏதாவது காரணமாக இருக்க வேண்டும். கம்பத்திலிருந்து வரும் மூன்று லைனில் ஒன்று பலவீனமாக இருக்கிறது என்றார். காற்றில் எங்கோ மரக்கிளை விழுந்திருக்கும். எனக்குள் மணி அடித்தது. “ஆனா அதுக்கு இது விழாது டீச்சர். சூடு கம்மியாகும், அவ்வளவுதான்.” மணி நின்றது. மேற்சுவரில் சூட்டை அளக்கும் குமிழைக் கழற்றித் துடைத்தார், நன்றாக இருந்தது. அளவுக்கு மீறிச் சூடானால் தானே அணைத்துவிடும் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அதுவும் நன்றாக இருந்தது. எலி கடித்திருக்குமோ என்று ஒயர் போகும் குழாயைத் திறந்தார். எலி இருந்த தடம் இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக எலியை வாழ்த்தினேன். ஒயரில் ஒரு பல்கூடப் படவில்லை.

அப்போதுதான் அக்காவுக்கு வீட்டுக்காரரின் போன் வந்தது. அடுக்களை வாசலில் நின்று அவர் பேசியது எல்லாம் கேட்டது, அவர் பக்கம் மட்டும். இல்லைங்க. இல்லைங்க சார். துணியெல்லாம் போடலைங்க. சத்தியமா இல்லைங்க. பிறகு, சரிங்க. வந்து எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, கூரையைப் பார்த்துச் சொன்னார்: வெள்ளிக்கிழமைக்குள் ஓடவில்லை என்றால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு மகளிடம் போய்விடத் தொரை சொல்லியிருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார் என்றும் சொன்னார். முன்னால் நடந்ததுதானே அவருக்கு ஞாபகம் வரும், பாவம், என்றும் சொன்னார்.

எலக்ட்ரீஷியன் கற்களை எடுக்க ஆரம்பித்தார். ஒரு சாக்கை விரித்து, மேல் கல் ஓர் ஓரம், அடிக்கல் ஓர் ஓரம். கற்கள் போகப் போகக் கம்பிகள் தெரிந்தன. கரும்பழுப்பாக இருக்க வேண்டிய கம்பிகளில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொருக்குப் பொருக்காய் ஏதோ படர்ந்திருந்தது. ஓர் ஓரத்தில் நொச்சி இலையின் நரம்பு ஒன்று, முழுசாக, கருகி. கம்பிகளைக் கழற்றினார். மெக்கர் என்று ஒரு கைப்பெட்டியை எடுத்தார். பிடியைச் சுற்றினால் கம்பி கசிகிறதா என்று முள் சொல்லும், நல்ல கம்பியென்றால் கடைசிவரை ஏறும். “சும்மா நிக்கிறதுக்கு இதச் சுத்துங்க டீச்சர்” என்று என்னிடம் நீட்டினார். சுற்றினேன். முதல் கம்பிக்கு முள் தயங்கித் தயங்கிப் பாதி ஏறியது. இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவது கம்பிக்கு, நான் எவ்வளவு வேகமாகச் சுற்றியும், முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. என் கையாலேயே அதையும் பார்த்தேன்.

அவர் அந்தப் பொருக்கைச் சுரண்டி நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

“யாருங்க இதுல ரசம் வச்சது?”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே இறங்கின குரலில் விளக்கினார். வெறும் தண்ணி ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும். உப்பு போகாது. கம்பியில் உட்காரும், அரிக்கும். மேல்தோலில் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டால் போதும், மீதியை இந்த ஊர் ஈரம் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது கம்பி செத்தது. மற்ற இரண்டும் ஈரம் குடித்திருக்கின்றன, இன்னும் உயிர் இருக்கிறது.

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். எலக்ட்ரீஷியன் ஒரு வழி சொன்னார். ஈரம் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கொடைக்கானலில் எதற்குத்தான் ஈரம் காரணமில்லை, முழுப் பொய்யும் இல்லையே. நல்ல மனசோடு சொன்னார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது, ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு. அதற்குள் புரிந்துவிட்டது: ஈரம் என்று சொன்னால் வீட்டுக்காரர் காதில் ஈரத்துணி என்றுதான் விழும். அவர் சந்தேகப்பட்டதே அதைத்தான். என்னைக் காப்பாற்றுகிற பொய் இந்த அம்மாவை மலையிறக்கிவிடும்.

போனை எடுத்தேன். வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். இருமல், வேது, உப்பு, நாலு நாள், ஊற்றியது நான். சொல்லச் சொல்ல மனசு லேசானது. எவ்வளவு சுலபமாக இருக்கிறது, இதற்கா இவ்வளவு நேரம் எலிக்கும் மரக்கிளைக்கும் வேண்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அவர் முழுதும் கேட்டார். சத்தம் போடவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சரிங்க டீச்சர். அந்த ரூம் சாவி உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

நான் என் மனசை இறக்கிவைத்துவிட்டேன். இறக்கிவைத்த இடம் அந்த அம்மாவின் தலை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது போல. வந்து, என் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டார்.

“நாந்தாங்க தொறந்தேன். டீச்சர் மூணு நாளாத் தூங்கல. செவத்துக்கு இந்தப் பக்கம் நானும் தூங்கல. இன்னொருக்க யாரும் அப்படி இருமுனா, இன்னொருக்கவும் தொறப்பேங்க. உப்பு மட்டும் போடமாட்டேன்.”

அவ்வளவுதான். சுடுபாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்துபோகிற சத்தம் கேட்டது. பிறகு வீட்டுக்காரர், வெள்ளிக்கிழமைக்குள் ஓடட்டும், நானே நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து யோசித்தோம்.

புதுக் கம்பி வர இரண்டு வாரமாகும் என்றார் எலக்ட்ரீஷியன். நான் வரவழைக்கச் சொன்னேன், அதன் காசு என் பொறுப்பு. இப்போதைக்கு இருக்கிற இரண்டைப் பிழைக்கவைக்க வேண்டும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில், மெத்தென்ற பிரஷால், பொருக்கு போகத் தேய்த்தார். அடுத்து உள்ளே இறங்கின ஈரத்தை எடுக்க வேண்டும். நாள்கணக்காக வெயில் வேண்டும். வெயிலுக்கு எங்கே போவது? அந்த மாதம் வட்டக்கானலில் வெயில் என்பது காலண்டர் படத்தில் மட்டும் இருந்தது.

“பேக்கரிக்குப் போவோம்” என்றார்.

நாயுடுபுரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு பேக்கரி. காலை பன் எடுத்தபிறகு, சாயங்கால வேலை தொடங்கும்வரை, அடுப்பு சும்மா காய்ந்துகொண்டிருக்கும். கரிந்து போகாத, ஆனால் ஈரம் நிற்காத சூடு. புதன்கிழமை காலை அவர் வண்டியின் பின்னால் நான், என் மடியில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கம்பிகள், குழந்தைபோல. பேக்கரிக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, மேலே முட்டை தடவணுமா, சும்மா வேகவைத்தால் போதுமா என்று கேட்டார். தட்டில் கிடத்தி உள்ளே தள்ளினார். எலக்ட்ரீஷியன் இன்னொரு சோலி இருக்கிறதென்று போய்விட்டார். நான் நாலு மணி நேரம் கடை பெஞ்சில் காவல் இருந்தேன். எங்கேயும் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததில்லை. கேக் வாங்க வந்த ஓர் அம்மா கண்ணாடி வழியாக அடுப்பைப் பார்த்துவிட்டு, அது என்ன புது ஐட்டம், கிறிஸ்மஸுக்கா என்று கேட்டார். ஆமாம் என்று பேக்கரிக்காரர் கூசாமல் சொன்னார்.

திரும்பி வந்தபோது வட்டக்கானலில் கிணற்றடியில் அந்த அம்மா கற்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கீரை அலசுவதைப்போல, ஒரு தண்ணி, இரண்டு தண்ணி, மூன்று தண்ணி. ஒவ்வொரு தண்ணிக்கும் ஒரு கல்லை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். “இன்னும் கரிக்குது” என்று மறுபடி வாளியில் போட்டார். நானும் உட்கார்ந்தேன். அவர் கழுவ, நான் நக்கிப் பார்க்க. கருங்கல்லுக்கு என்ன ருசி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்: குளிர்ந்த நாணயம், மழை, வேறொன்றுமில்லை. வேறொன்றும் இல்லாமல் ஆக ஏழு தண்ணீர் பிடித்தது. அதற்கு நடுவில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். மகளிடம் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம், வந்தாலும் வருவேன் என்று. மகள், வா, நாலு பேருக்கு அஞ்சு பேர் என்றாளாம்.

வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து கம்பிகளைக் கட்டினார். மெக்கரை நான்தான் சுற்றினேன். இந்தத் தடவை முள் கடைசிக் கோடுவரை ஓடிப்போய் நின்றது. கற்களை நெருக்கி அடுக்காமல், காற்று போகிற மாதிரி, அடிக்கல் அடியில் மேல்கல் மேலே என்று வைத்தார். செத்த கம்பியின் இடத்தைக் காலியாக விட்டு, அந்த ஒயர்களின் நுனியைப் பத்திரமாக மூடினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பீஸ் கட்டைகளை எடுத்தார். ஏசப்பா என்று முணுமுணுத்து ஒவ்வொன்றாகச் செருகினார். சுவிட்சைத் திருகினார்.

ட்ரிப்பர் விழவில்லை.

அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் கற்களுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றார், தொடாமல். மூன்றில் இரண்டு கம்பிதான், ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும், வெரசாக் காயாது, பொறுமையாகத்தான் காயும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். பரவாயில்லை என்றார் அக்கா, நானும் இப்ப அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். பெரிய மீசையோடு, குதிரை மாதிரி நடக்கிற ஆளை எதிர்பார்த்திருந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து கோணலாக இறங்கின ஒரு மனிதர் வந்தார். மலைப்பாதை வளைவுகளில் முதுகு பிடித்துக்கொண்டதாம். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே, காலையிலேயே போட்டுவைத்திருந்த சூட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரைமணி நேரம். அந்த அம்மா கதவுக்கு வெளியே சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், நீட்டுவதற்குத் தயாராக. அடுக்களைப் பக்கம் போனபோது அவருடைய அறை திறந்திருந்தது. கட்டிலில் ஒரு பெட்டி, ஒரு சேலை மூட்டை. சாமி படத்தைக்கூடச் சுவரிலிருந்து எடுத்து மூட்டைக்கு மேலே வைத்திருந்தார்.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். முகம் சிவந்து, முடி நனைந்து, ஏறக்குறைய நேராக நிமிர்ந்து. செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். நீட்டின சாவியைப் பார்த்தார், வாங்கவில்லை.

“அந்த வேதுல என்னென்ன போட்டீங்க?” என்றார்.

அக்கா சொன்னார், ஒவ்வொரு தழையாக. உப்பைச் சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போனது. கல்லில் ஊற்றாமல், வெளியே கொதிக்கவைத்து, சட்டியோடு கொண்டுவந்து அறை மூலையில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார் அவர். ஒன்றும் ஆகாது, ஆவி அதுபாட்டுக்கு வரும் என்றார் அக்கா. அப்படியானால் சாயங்காலம் வர்றவங்களுக்கு ஒரு சட்டி வச்சுப் பாருங்க என்றார். காருக்குப் போகிற வழியில் நின்று, திரும்பாமல், இருமுறவங்களுக்குத் தொறக்கலாம், ஆனா எனக்கு ஒரு போன் போட்டுட்டுத் தொறங்க என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. சாமி படம் மறுபடி ஆணிக்குப் போனது.

கோயம்புத்தூர்க்காரர்கள் அந்தச் சட்டியைப் போட்டோ எடுத்தார்கள். அதற்கடுத்து வந்தவர்கள் சட்டியைக் கேட்டே வந்தார்கள். கிறிஸ்மஸுக்குள் வாசலில் ஒரு பலகை தொங்கியது, மூலிகை ஆவி என்று. ஆள் கூடக் கூட, உடை மாற்ற ஒரு இடம் வேண்டும் என்றார்கள். வீட்டில் சூட்டு ரூமுக்குக் கிட்டே இருந்தது என் அறைதான். வீட்டுக்காரர் அதைக் காலிசெய்து தர முடியுமா என்று என்னிடம் கேட்டபோது மிகவும் கூச்சப்பட்டார். சீசன் முடிந்ததும் வேண்டுமானால் திரும்பி வாருங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சட்டியை நான் அல்லவா கல்லில் கவிழ்த்தேன். கழுத்துச் சக்கரமும் அப்போது சன்னல் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது.

நான் கிளம்பின காலை, அந்த அம்மா ஜீப் நிற்கிற இடம்வரை கூட வந்தார். ஏற்றத்தில் என்னைவிட வேகமாக ஏறினார். முழங்கால் எப்படி என்றேன். கடைசி விருந்தாளி போனபிறகு தினமும் கால்மணி நேரம் சூட்டு ரூமில் உட்காருவதாகச் சொன்னார். கீழ்ப்பலகையிலா என்றேன். மேகம் ரோட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, மேலேதான் என்றார்.

ஜீப் ஓட்டுகிறவர் ஆரன் அடித்தார். அந்த அம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார். பிரிக்காமலே தெரிந்தது: நொச்சி, மஞ்சள், அடியில் முடிச்சாக, கனமாக, உப்பு. நான் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினேன். வண்டி உருண்டது. அவர் இரண்டு எட்டுக் கூடவே நடந்து, சன்னலில் கைவைத்து, சொன்னார்.

“இது சட்டிக்கு டீச்சர். கல்லுக்கு இல்ல.”